தந்தையின் அதிகாரமும் தனயனின் ஓட்டமும்

பிள்ளை ஒன்று வழி தவறிவிட்டால் உலகத்தார் வாயினின்று முதலில் எழும் சொல் "அடி போதவில்லை" என்பது. அதற்கு அடுத்தபடியாக எழுவது "எங்கேனும் கொண்டுபோய் அடைத்துப் போடுங்கள்" என்பது. அப்பிள்ளையை அருகில் அழைத்து, "உனக்கு என்ன குறை?" என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவரேனும் இருப்பரோ என்பது ஐயமே. இவ்வழக்கம் யாதொரு நாட்டுக்கோ யாதொரு வகுப்பாருக்கோ தனியுரிமை அன்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று முழக்கங்களை உலகுக்கு அளித்த பிரான்சு தேசத்திலேயே, பெற்ற பிள்ளையை அடைத்து வைக்கும்படி கேட்கும் அதிகாரம் தந்தைக்குச் சட்டபூர்வமாக இருந்தது என்றால், ஏனைய நாடுகளைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

அவ்வதிகாரத்தின் கடைசி எச்சம் பிரஞ்சுச் சட்டத்தினின்று நீக்கப்பட்ட நாள் 1958ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23ஆம் நாள். வியப்பு யாதெனில், அதே டிசம்பர் மாதத்தில், பெற்றோராலேயே போலீசாரிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு சிறுவனின் கதை பாரிஸ் நகரத் தெருக்களில் படமாக்கப்பட்டுக் கொண்டிருந்தது. படம் பிடித்தவருக்கு அப்பொழுது வயது 26. பிரான்சுவா துரூஃபோ என்பது அவர் பெயர். 1959இல் வெளிவந்த அப்படத்தின் பெயர் "லே காத்ர் சான் கூ". சட்டம் செய்தவர்கள் படத்தைக் கண்டு சட்டம் செய்யவில்லை. படம் செய்தவரும் சட்டத்தை விளக்கப் படம் செய்யவில்லை. ஆயினும், இரண்டும் ஒரே நெடிய வரலாற்றின் முடிவில் வந்து சந்தித்தன. அவ்வரலாற்றை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் பெயரைப் பற்றி முதற்கண் ஒரு சொல். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "நானூறு அடிகள்" என்றாகும். ஆங்கிலத்தாரும் அங்ஙனமே பெயர்த்துவிட்டனர். அதனால் சிறுவன் ஒருவன் நானூறு அடி பட்ட கதை போலும் என்று பலர் மயங்குகின்றனர். பிரஞ்சு மக்கள் பேச்சில் அஃது ஒரு மரபுத் தொடர். "ஆடாத ஆட்டமெல்லாம் ஆடுதல்" என்று நாம் கூறுவோமே, அதுவே அதன் பொருள். ஆகவே, பெயரிலேயே ஊராரின் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. ஆடினவன் ஏன் ஆடினான் என்ற கேள்விக்குப் படம் விடை தேடுகிறது.

தந்தை கையில் சட்டம்

புரட்சிக்கு முற்பட்ட பிரான்சில் மன்னர்கள் "முத்திரைக் கடிதம்" என்னும் ஒருவகை உத்தரவை வழங்கி வந்தனர். அக்கடிதம் ஒன்று கிடைத்துவிட்டால் விசாரணை ஏதுமின்றி ஒருவரைச் சிறையில் அடைக்கலாம். அரசனுடைய பகைவர்களுக்காகவே இக்கடிதங்கள் எழுதப்பட்டன என்று எண்ணுவோர் பலர். உண்மையில், குடும்பத்தாரே விண்ணப்பம் செய்து கேட்டுப் பெற்றவை மிகப் பல. ஊதாரி மகன், சொற்கேளாத மகள், குடிகாரக் கணவன் முதலியோரைக் கண்காணாத இடத்தில் அடைத்து வைக்க அரசனுடைய முத்திரை உதவிற்று. புரட்சியின் தொடக்கத்தில் பெரும் பேச்சாளராக விளங்கிய மிராபோ தம் வாலிபத்தில் இவ்வாறு தந்தையார் முயற்சியால் அடைபட்டவரே. கடல் நடுவே உள்ள இஃப் கோட்டையிலும், பின்னர் 1777 முதல் 1780 வரை வென்சேன் கோட்டையிலும் அவர் கிடந்தார். அங்கே இருந்தபடியே இக்கொடிய முறையைக் கண்டித்து அவர் எழுதிய நூல் 1782இல் வெளிவந்தது. 1790இல் புரட்சி அரசாங்கம் முத்திரைக் கடிதங்களை ஒழித்தது.

ஒழிந்தது என்று மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1804இல் நெப்போலியன் காலத்தில் இயற்றப்பட்ட சிவில் சட்டம், அரசன் கையினின்று பறித்த அதிகாரத்தை வேறு உருவில் தந்தையின் கையில் கொடுத்தது. பிள்ளையின் நடத்தையில் பெரிதும் மனக்குறை கொண்ட தந்தை, நீதிமன்றத் தலைவரிடம் சென்று அவனை அடைத்து வைக்கும்படி கேட்கலாம். பிள்ளைக்கு 16 வயது நிரம்பாவிடின் ஒரு மாதம் வரை அடைக்கலாம். பொது விதியின்படி நீதிபதி அதனை மறுக்க முடியாது. 16 வயது முதல் 21 வயது வரை உள்ளவராயின் ஆறு மாதம் வரை அடைக்கலாம். இதில் மட்டுமே நீதிபதி ஆராய்ந்து மறுக்கவோ காலத்தைக் குறைக்கவோ இடமுண்டு. கைது உத்தரவைத் தவிர வேறு எழுத்து எதுவும் கிடையாது. அவ்வுத்தரவிலும் காரணம் எழுதப்படலாகாது. செலவையும் உணவையும் தந்தை ஏற்க வேண்டும். தந்தை இறந்து தாய் மட்டும் இருப்பாளாயின், கணவன் வழி நெருங்கிய உறவினர் இருவர் உடன்பட்டாலன்றி அவள் இங்ஙனம் கேட்க முடியாது. பிள்ளையின் மீது தாய்க்கு உள்ள உரிமை எவ்வளவு என்பதையும் சட்டம் அதே மூச்சில் கூறிவிட்டது.

நேயர்கள் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம். வழிப்பறிக்காரனைப் பிடித்தாலும் அவன் செய்த குற்றம் இன்னதென்று ஏட்டில் எழுதப்படும். அவன் மறுமொழி கூறவும் இடமுண்டு. தந்தையின் சொல்லால் அடைபடும் பிள்ளைக்கோ குற்றச்சாட்டும் இல்லை, மறுமொழியும் இல்லை. குடும்ப மானத்தைக் காப்பதற்காகவே எழுத்து வேண்டா என்று விதித்தனர் என்பர். அவ்வாறு மானம் காக்கப்பட்டது யாருடையது? சிறைக்குச் சென்று வந்த பிள்ளையினுடையதன்று.

நல்லெண்ணம் கட்டிய சிறை

19ஆம் நூற்றாண்டில் நல்லோர் சிலர் இவ்விஷயத்தில் கருத்தைச் செலுத்தினர். அவர்களுள் ஒருவர் தெமெத்ஸ் என்னும் நீதிபதி. பெரிய குற்றவாளிகளோடு சிறுவர்களை ஒன்றாய் அடைத்து வைப்பது அவர்களைக் கெடுப்பதேயாகும் என்று கண்டு, தூர் நகரின் அருகே மெத்திரே என்னுமிடத்தில் அவர் ஒரு பண்ணையை ஏற்படுத்தினார். 1840இல் அது சிறுவர்களை ஏற்கத் தொடங்கிற்று. சுற்றுமதில் கிடையாது. ஏறக்குறைய நாற்பது சிறுவரை ஒரு "குடும்பம்" என்று வகுத்து ஒவ்வொரு வீட்டில் வைத்தனர். தலைவனைத் தந்தை முறையில் நிறுத்தினர். வயல் வேலையும் கைத்தொழிலும் சிறிது படிப்பும் கற்பித்தனர். ஐரோப்பாவின் பல தேசங்களிலிருந்து அறிஞர்கள் வந்து பார்த்துப் புகழ்ந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கெனத் தனி விடுதி ஒன்றும் அங்கே அமைக்கப்பட்டது. தந்தையரின் விருப்பப்படி அவர்கள் தனியறையில் அடைபட்டுப் படித்தனர்.

புகழ் ஒருபுறம் இருக்க, நாளடைவில் அப்பண்ணை பட்டாளமும் சிறையும் கலந்த ஓர் இடமாயிற்று. மணியடித்தால் எழுதல், மணியடித்தால் உண்ணல், இடைவிடாத கண்காணிப்பு, தவறினால் தனிச்சிறை என்னும் ஒழுங்கு பிள்ளைகளின் உள்ளத்தை நசுக்கிற்று. பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளராகிய ஜான் ஜெனே தம் இளமையில் அங்கே வைக்கப்பட்டிருந்தார். 1975இல் சிறையின் வரலாற்றை எழுதிய அறிஞர் மிஷேல் ஃபூக்கோ, இக்காலச் சிறை ஒழுங்கு முழு உருவம் பெற்ற நாள் எதுவெனின், மெத்திரே திறக்கப்பட்ட நாளே என்று குறித்தார். நல்லெண்ணம் மட்டும் போதாது, யாருக்கு நன்மை செய்கிறோமோ அவர் வாய்ச்சொல்லுக்கும் இடம் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தீவில் நடந்த வேட்டை

பிரான்சின் மேற்குக் கரையை அடுத்து பெல்-ஈல் என்று ஒரு தீவு உண்டு. "அழகிய தீவு" என்பது அப்பெயரின் பொருள். அங்கிருந்த சிறுவர் சீர்திருத்த நிலையத்தில் 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் மாலை உணவு வேளையில், சிறுவன் ஒருவன் வழக்கப்படி முதலில் சூப்பைக் குடியாமல் பாலாடைக் கட்டியைக் கடித்துவிட்டான். காவலர் அவனை நையப் புடைத்தனர். கண்டிருந்த ஏனைய சிறுவர்கள் பொங்கி எழுந்தனர். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மதிலேறிக் குதித்து ஓடினர். தீவிலிருந்து எங்கே ஓடுவது? நான்கு புறமும் கடல். பிடித்துக் கொடுப்பவருக்குத் தலைக்கு 20 பிராங்கு வெகுமதி என்று அறிவிக்கப்பட்டது. தீவின் குடிகளும், கோடையில் கடற்காற்று வாங்க வந்திருந்த உல்லாசப் பயணிகளும் அவ்வேட்டையிற் கலந்து கொண்டனர். முயல் வேட்டை போல் பிள்ளை வேட்டை நடந்தது.

இச்செய்தி நாடெங்கும் பரவிற்று. கவிஞர் ஜாக் பிரேவேர் இதனைப் பாட்டாக எழுதினார். அலெக்ஸி தனான் என்னும் பத்திரிகையாளர் சிறுவர் சிறைகளின் கொடுமைகளைக் குறித்து இடைவிடாது எழுதி மக்களின் மனச்சான்றைத் தட்டி எழுப்பினார். இக்கிளர்ச்சிகளின் பயனாக 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் வெளிவந்த ஆணைகளால், பிழைப்பின்றித் திரியும் சிறுவர்கள் குற்றவாளிகளாகக் கருதப்படும் வழக்கமும், தந்தை சொற்படி பிள்ளையைச் சிறைக்கு அனுப்பும் வழக்கமும் நீங்கின. அப்பொழுதும் தந்தையின் விண்ணப்பத்தின் மேல் பிள்ளையை வேறொரு நிலையத்தில் வைக்கும் முறை நின்றது. பெயர் மாறிற்று; வேர் அறவில்லை.

பின்னர் போர் வந்தது. பகைவர் ஆட்சி வந்தது. தந்தையர் சிறைப்பட்டும் அயல்நாட்டு வேலைக்குக் கொண்டுபோகப்பட்டும் வீடுகள் சிதைந்தன. நீதிமன்றத்துக்கு வந்த சிறுவர் தொகை பெருகிற்று. விடுதலைக்குப் பின் தேகோல் தலைமையிலிருந்த இடைக்கால அரசாங்கம் 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஒரு சட்டம் செய்தது. தவறு செய்த சிறுவனுக்குத் தண்டனையினும் கல்வியும் பாதுகாப்புமே முற்பட வேண்டும் என்பதே அதன் உயிர்நிலை. சிறுவர் வழக்குகளுக்கென்றே தனி நீதிபதி அமைந்தார். பிள்ளையின் வீடு எத்தகையது, உடல்நலம் எப்படி, மனநிலை யாது என்று விசாரித்தறிந்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அவ்விசாரணைக்காகச் சிறுவர்களைச் சில காலம் வைத்துப் பார்க்கும் நோட்ட நிலையங்கள் ஏற்பட்டன.

படம் பிடித்தவரின் இளமை

நிற்க. அத்தகைய நோட்ட நிலையம் ஒன்றில், பாரிஸை அடுத்த வில்ஜூயிஃப் என்னுமிடத்தில், சட்டம் பிறந்த சில ஆண்டுகளுக்கெல்லாம் 16 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவந்து விடப்பட்டான். அவனே நாம் மேலே கூறிய துரூஃபோ.

அவர் 1932ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். தாயார் மணமாகாத இளம்பெண். பிறந்த குழந்தை முதலில் செவிலியிடம் வளர்ந்தது. பின்னர் பாட்டியிடம் வளர்ந்தது. தாயாரை மணந்து கொண்டவர் பிள்ளைக்குத் தம் பெயரைக் கொடுத்தார். பாட்டி இறந்தபின், ஏறக்குறைய பத்து வயதில் சிறுவன் தாயிடம் வந்து சேர்ந்தான். இடம் நெருக்கமான வீடு. பிள்ளை வேண்டும் என்று காத்திராத பெற்றோர். சிறுவன் புத்தகங்களிலும் சினிமாக் கொட்டகைகளிலும் புகலிடம் தேடினான். பள்ளிக்கு மட்டம் போட்டான், பொய் சொன்னான், 14 வயதில் பள்ளியை விட்டான். 1948இல் சொந்தமாகச் சினிமாக் கழகம் ஒன்று தொடங்கிக் கடனில் மூழ்கினான். அவன் தந்தை முறையினரே அவனைப் போலீசாரிடம் ஒப்படைத்தார்.

"சினிமா பார்த்துக் கெட்டான்" என்று கூறுவோர் இவ்விடத்தில் மகிழக்கூடும். அவர்கள் அவசரப்பட வேண்டா. அச்சிறுவனைக் கைதூக்கிவிட்டதும் சினிமாவே. ஆந்திரே பசான் என்னும் அறிஞர் அக்காலத்தில் தொழிலாளரிடையே சினிமாக் கலையின் பெருமையை விளக்கி வந்தார். சிறுவனை முன்னரே அறிந்திருந்த அவர் அவன் விடுதலைக்கு முயன்று, அவனுக்கு வேலையும் தந்தார். பின்னர் அவன் பட்டாளத்திற் சேர்ந்து, அங்கிருந்து ஓடிப்போய், மீண்டும் சிறைப்பட்டபோதும் பசானே வாதாடி 1952இல் வெளியில் கொணர்ந்து தம் வீட்டில் வைத்துக் கொண்டார். அவர் தொடக்கினோருள் ஒருவராயிருந்த "காயே து சினிமா" என்னும் பத்திரிகையில் இளைஞர் துரூஃபோ எழுதலானார். எழுத்து எத்துணைக் கூர்மையுடையதாக இருந்ததெனில், 1958இல் கான் நகரப் பட விழாவுக்கு அவரை வரவிடாமலே செய்துவிட்டனர். அதே விழாவில் மறு ஆண்டு சிறந்த இயக்குநருக்கான பரிசு அவருக்கே கிடைத்தது.

பசான் அதனைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. 1958ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் படப்பிடிப்புத் தொடங்கிற்று. மறுநாள் 40 வயதே ஆன அவர் இரத்தப் புற்று நோயால் மறைந்தார். படம் அவர் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டது. பெற்றவர் கொடுத்தது பெயர் மட்டும். பெறாதவர் ஒருவர் வாழ்க்கையைக் கொடுத்தார்.

படம் கூறும் கதை

படத்தின் நாயகன் ஆந்துவான் துவானெல் என்னும் சிறுவன். ஜான் பியேர் லெயோ என்னும் 14 வயதுப் பிள்ளை அப்பாத்திரமாகவே மாறிவிட்டான். வகுப்பில் கைக்குக் கை மாறி வந்த ஒரு பெண்ணின் படம் ஆந்துவானிடம் வரும்போது ஆசிரியர் கண்டுவிடுகிறார். அனைவரும் செய்த குற்றத்துக்கு அவன் ஒருவன் மூலையில் நிறுத்தப்படுகிறான். வீடு திரும்பினால் குப்பைக் கூடையைக் கொண்டுபோய்க் கொட்டும் வேலையும், நடைவழியில் ஒரு படுக்கையும் அவனுக்கு உண்டு. சிற்றப்பன் முறையில் வீட்டிலிருப்பவர் வேடிக்கையாகப் பேசுவார். அவ்வேடிக்கை எப்பொழுது கோபமாக மாறும் என்று தெரியாது. தாயோ பெரும்பாலும் அவனைப் பார்த்துப் பேசுவதில்லை.

ஒரு நாள் அவன் பள்ளிக்குப் போகாமல் தோழன் ரெனேயுடன் சுற்றுகிறான். தெருவில் தாய் அயலான் ஒருவனை முத்தமிடுவதைக் கண்டு விடுகிறான்; அவளும் அவனைக் கண்டு விடுகிறாள். மறுநாள் வராமைக்குக் காரணம் கேட்ட ஆசிரியரிடம், தன் தாய் இறந்துவிட்டாள் என்கிறான். பொய் வெளிப்படுகிறது, பெற்றோர் பள்ளிக்கு வருகின்றனர், வகுப்பு முழுவதும் பார்த்திருக்க அவன் கன்னத்தில் அறை விழுகிறது. அப்பொய்யில் எவ்வளவு மெய் அடங்கியிருந்தது என்று வகுப்பில் எவரும் அறியார். அறிந்தவள் தாய் ஒருத்தியே. அதனால்தான் அவள் திடீரென்று அன்பு காட்டத் தொடங்கி, கட்டுரையில் முதல் ஐவருள் ஒருவனாக வந்தால் 1000 பிராங்கு தருவதாகக் கூறுகிறாள்.

பிள்ளை நம்பி விடுகிறான். பால்ஸாக்கின் நூலைப் படித்து உள்ளம் உருகி, அவ்வாசிரியரின் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறான். அது தீப்பற்றி வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னபோது அவன் பாட்டனார் மரணத்தைப் பற்றி எழுதுகிறான்; உள்ளத்தில் ஊறிப்போன பால்ஸாக்கின் வாசகமே எழுதுகோல் வழியே இறங்குகிறது. திருட்டு என்று ஆசிரியர் முத்திரை குத்தி வெளியே துரத்துகிறார். ஒரு மாணவன் ஓர் ஆசிரியரை உயிர்போல் நேசித்தான் என்பதற்குக் கிடைத்த பரிசு இதுவே. நல்ல ஆசிரியராயின் அவ்விடத்தே ஓர் எழுத்தாளனைக் கண்டிருப்பார். இவர் கண்டது கள்வனை.

வீட்டுக்குப் போக அஞ்சியவன் ரெனேயின் வீட்டில் ஒளிந்து வாழ்கிறான். சிறு குழந்தைகள் பொம்மலாட்டம் பார்க்கும் இடத்தில் இவ்விருவரும் பின்வரிசையில் அமர்ந்து திருட்டுக்குத் திட்டம் போடுகின்றனர். முன்னே கள்ளங்கபடமற்ற முகங்கள் பயத்தாலும் வியப்பாலும் மாறி மாறி மலர்கின்றன. அவ்வரிசைக்கும் இவ்வரிசைக்கும் இடையே உள்ள தூரம் சில ஆண்டுகளே என்பதை நினைத்தால் நெஞ்சம் திடுக்கிடுகிறது. சிற்றப்பனுடைய ஆபீஸிலிருந்து தட்டச்சுப் பொறி ஒன்றைத் திருடுகின்றனர். விற்க வகையறியாமல் அதைத் திருப்பி வைக்கப் போகும்போது ஆந்துவான் அகப்படுகிறான். எடுக்கும்போது பிடிபடாதவன் திருப்பிக் கொடுக்கும்போது பிடிபட்டான்! சிற்றப்பன் அவனை நேரே போலீஸ் நிலையத்துக்கு இழுத்துச் செல்கிறார். இரவில் கள்வரோடும் விலைமாதரோடும் வண்டியில் ஏற்றப்பட்டுப் பாரிஸ் நகரத்து விளக்கொளியைக் கம்பிகளின் வழியே பார்த்துச் செல்லும் அவன் கன்னத்தில் முதன்முதலாகக் கண்ணீர் வடிகிறது.

சட்டம் மாறியது, கை மாறவில்லை

நாம் மேலே கூறிய சட்ட வரலாறு இனித்தான் படத்தில் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டுகிறது. சிறுவர் நீதிபதியிடம் வந்த தாய், மகனை நன்றாக அச்சுறுத்த முடியாதா என்று வேண்டுகிறாள். அஃது எம் வேலையன்று என்று நீதிபதி மறுக்கிறார். அவ்வொரு மறுமொழியில் 1945ஆம் ஆண்டுச் சட்டம் பேசுகிறது. கடற்கரையை அடுத்த நிலையமாக இருந்தால் நலம் என்று அவள் கேட்பது, பிள்ளையை ஏதோ காற்று மாற்றத்துக்கு அனுப்புவது போல் இருக்கிறது.

நிலையத்துக்குச் சென்றபின் காணும் காட்சி யாது? உத்தரவுக்கு முன் ரொட்டியைக் கடித்துவிட்டான் என்பதற்காக ஆந்துவான் கன்னத்தில் அறை வாங்குகிறான். 1934இல் பெல்-ஈல் தீவில் பாலாடைக் கட்டி. இருபத்தைந்து ஆண்டு கழித்துப் படத்தில் ரொட்டி. சட்டப் புத்தகத்தில் சீர்திருத்தம் ஏறிவிட்டது. அறையும் கை அப்படியே இருக்கிறது. சிறுவர்கள் வரிசையாக நடந்து செல்லும்போது, நிலையக் காவலர் தம் சிறு பெண் குழந்தைகளைக் கம்பிக் கூண்டுக்குள் விட்டுப் பூட்டுவதாக ஒரு காட்சி வருகிறது. யார் உள்ளே இருப்பவர், யார் வெளியே இருப்பவர் என்று தெரியாதபடி அக்காட்சி அமைந்திருக்கிறது. பிள்ளைகளைக் கண்டு அஞ்சும் சமூகம் பிள்ளைகளை இரு பக்கமும் அடைத்து வைக்கிறது.

இத்தனைக்கும் இடையே, படம் முழுவதிலும் ஒரே ஒரு முறை, அச்சிறுவனை ஒருவர் கேட்கிறார். மனநூல் வல்ல பெண்மணி ஒருவர் அவனை விசாரிக்கும் இடம் அது. கேட்பவர் உருவம் திரையில் தோன்றாது. குரல் மட்டுமே ஒலிக்கும். சிறுவன் மேசை முன் அமர்ந்து, விரல்களைப் பிசைந்துகொண்டு விடை கூறுகிறான். அவ்விடைகளை மனப்பாடம் செய்விக்காமல், லெயோவைத் தானே பேசவிட்டுப் படம் பிடித்தார் துரூஃபோ. ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்டதற்கு, சில சமயம் மெய் சொன்னாலும் நம்புவதில்லை, ஆகவே பொய்யே சொல்லலாம் என்கிறான். தான் கருவிலிருந்தபோதே தாய் தன்னை அழித்துவிட நினைத்தாள் என்றும், பாட்டியே தடுத்துக் காத்தாள் என்றும், அவர்கள் பேச்சைக் கேட்டுத் தான் அதை அறிந்ததாகவும் எவ்விதக் கதறலுமின்றிக் கூறுகிறான். திருட்டு, பொய், ஓட்டம் அனைத்துக்கும் காரணம் அந்தச் சில நிமிஷங்களில் விளங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் எவருக்கும் விளங்காதது, கேட்டவுடனே விளங்கிவிட்டது!

தாயையும் நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி அமைதி அடைந்துவிட முடியாது. மணமாகாமல் கருவுற்ற பெண்ணை ஊர் எவ்வாறு நடத்திற்று? கருச்சிதைவுக்குத் தூண்டுவதையும், கருத்தடை பற்றிய பிரசாரத்தையுமே குற்றமாக்கும் சட்டம் 1920 முதல் பிரான்சில் இருந்தது. பகைவர் ஆட்சிக் காலத்தில், பிறருக்குக் கருச்சிதைவு செய்வித்த பெண் ஒருத்தி 1943இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டாள். கருவைச் சட்டப்படி நீக்கிக்கொள்ள 1975 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. தாய்மையைப் பெண்ணின் விருப்பமாக வைக்காமல் தண்டனையாக வைத்த சமூகம், அத்தண்டனையைப் பிள்ளையும் சேர்ந்து அனுபவிக்கும்படி செய்தது. படத்தில் அத்தாய் கொடியவளாகக் காட்டப்படவில்லை. அன்பு செலுத்தக் கற்றுக்கொள்ள வாய்ப்பே பெறாதவளாகக் காட்டப்படுகிறாள். தாய், சிற்றப்பன், ஆசிரியர் ஆகிய மூவருள் எவரும் அரக்கர் அல்லர். அரக்கர் இல்லாமலே ஒரு பிள்ளை அழியக்கூடும் என்பதுதான் இப்படம் தரும் அச்சம்.

ஓடியவன் நின்ற இடம்

நிலையத்தில் சிறுவர்கள் கால்பந்து ஆடும்போது, பந்தை எறிவது போல் எறிந்துவிட்டு ஆந்துவான் வேலியின் கீழ் நுழைந்து ஓடுகிறான். வயல்களையும் சாலைகளையும் கடந்து நெடுநேரம் ஓடுகிறான். படக்கருவியும் உடன் ஓடுகிறது. இறுதியில், தான் வாழ்நாளில் பார்த்தறியாத கடலை அடைகிறான். அலையில் கால் நனைத்தபின் மேலே போக வழியில்லை. திரும்பி நம்மை நோக்குகிறான். அக்கணத்தில் படம் அசைவற்று நின்றுவிடுகிறது. பெல்-ஈல் தீவினின்று ஓடிய சிறுவர்களுக்கும் கடலே எல்லையாயிற்று; இவனுக்கும் கடலே எல்லை. வேறுபாடு ஒன்று உண்டு. அவர்களைப் பார்த்தவர்கள் வெகுமதிக்காகத் துரத்தினர். இவனைப் பார்ப்பவர்கள் தத்தம் இருக்கையில் அசையாது அமர்ந்து, அம்முகத்துக்கு விடை கூற முடியாமல் தவிக்கின்றனர்.

இதற்கு முன்னும் பள்ளிச் சிறுவரின் கலகத்தை ஒருவர் படமாக்கியதுண்டு. ஜான் வீகோ என்னும் இளைஞர் 1933இல் எடுத்த "செரோ து கோந்துவீத்" என்னும் படத்தைச் சர்க்கார் தடை செய்தது; போர் முடிந்த பின்னரே அது வெளிவர முடிந்தது. துரூஃபோவின் படத்தில் தேகப்பயிற்சி ஆசிரியர் ஊதல் ஊதிக்கொண்டு முன்னே ஓட, பின்னே வந்த மாணவர்கள் தெருவுக்கு இருவராய் நழுவிவிடும் வேடிக்கைக் காட்சி வீகோவுக்குச் செலுத்திய வணக்கமே. 1933இல் தடையுண்ட குரல் 1959இல் பரிசு பெற்றது என்றால், இடைக்காலத்தில் அத்தேசத்தாரின் செவி சற்றே திறந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அதன்பின் சட்டமும் மேலும் நடந்தது. 1970இல் "தந்தையின் அதிகாரம்" என்னும் சொல்லே சிவில் சட்டத்தினின்று எடுக்கப்பட்டு, தாய் தந்தை இருவருக்கும் பொதுவான பொறுப்பு அவ்விடத்தில் வைக்கப்பட்டது. 2019இல் பெற்றோர் பிள்ளையிடம் உடலாலோ உள்ளத்தாலோ வன்முறை செய்யலாகாது என்று எழுதப்பட்டது. 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2021இல் சிறுவர்க்கான புதிய குற்றச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. துரூஃபோவும் குழந்தைகளை மறக்கவில்லை. ஆந்துவான் துவானெல் வளர்ந்து வாலிபனாகி இல்லறம் நடத்தும் வரை, அதே லெயோவைக் கொண்டே 1979 வரை தொடர்ந்து படமெடுத்தார். 1976இல் எடுத்த மற்றொரு படத்தில், வீட்டில் வதைக்கப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புக்கு அன்போடு எடுத்துரைப்பதாகக் காட்டினார். தம் சிறுவயதில் தமக்குக் கிடைக்காத ஆசிரியரை அவர் திரையிலே படைத்துக் கொண்டார் போலும். 1984ஆம் ஆண்டு அக்டோபரில் 52ஆம் வயதில் அவர் காலமானார்.

முத்திரைக் கடிதம் ஒழிந்த 1790 முதல் தந்தையின் உரிமை ஒழிந்த 1958 வரை 168 ஆண்டுகள். இந்நெடிய காலத்தில் பிள்ளைகளைத் திருத்த மதில் கட்டிப் பார்த்தனர்; மதில் இல்லாமலும் பார்த்தனர்; மணியடித்துப் பார்த்தனர்; தீவில் வைத்துப் பார்த்தனர். துரூஃபோ என்ற ஒரு சிறுவனைத் திருத்தியது அவற்றுள் ஒன்றும் அன்று. பசான் என்ற ஒருவர் அவனோடு அமர்ந்து பேசினார். அவன் விரும்பியதைத் தாமும் விரும்பினார். அவன் மறுபடியும் தவறியபோது மறுபடியும் சென்று அழைத்து வந்தார். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை, பெரும்படிப்பும் வேண்டுவதில்லை. நாள் முழுவதும் உழைத்துக் களைத்து வரும் பெற்றோராலும், ஐம்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து மாரடிக்கும் ஆசிரியராலும் செய்யக் கூடியதே. பொய் சொன்ன பிள்ளையை அடிக்கக் கை ஓங்கும் முன், அப்பொய்யின் பின்னே நிற்கும் மெய் யாது என்று ஒரு நாழிகை கேட்டறிவோமாக. கேளாதொழிவோமாயின், அவன் ஓடுவான். ஓடும் பிள்ளைக்கு முன்னே எங்கும் ஒரு கடல் உண்டு.